செவ்வாயில் நீர் தேடிப்போன ஜெர்மேனியம்

1993 ஆகஸ்ட் 21. செவ்வாயைச் சுற்றத் தொடங்க மூன்றே நாள் இருக்கையில் மார்ஸ் அப்சர்வர் விண்கலத்துடன் தொடர்பு அறுந்தது. அதிலிருந்த காமாக் கதிர் நிறமாலைமானியும் கூடவே போயிற்று. அதற்குப் பொறுப்பான, அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் பாய்ன்டன் குழு சளைக்கவில்லை. இன்னொரு கருவி 2001 ஏப்ரல் 7 அன்று மார்ஸ் ஒடிசி விண்கலத்தில் ஏறிப் புறப்பட்டு, அக்டோபரில் செவ்வாயை எட்டியது.

அந்தக் கருவியின் உயிர்நாடி ஒரு தூய ஜெர்மேனியப் படிகம். கடுங்குளிரில்தான் அது சரியாக வேலை செய்யும்.

சிமென்ட் ஆலையில் ஓடும் பெல்ட்டில் சுண்ணாம்புக் கல்லில் என்னென்ன தனிமம் என்று காமாக் கதிரை வைத்துச் சோதிக்க, கலிஃபோர்னியம்-252 போன்ற நியூட்ரான் மூலம் வேண்டும். செவ்வாயில் அது தேவையில்லை. காற்று மிக மெலிது என்பதால் காஸ்மிக் கதிர்கள் மண்ணிலேயே மோதி, அணுக்கருக்களிலிருந்து நியூட்ரான்களைத் தெறிக்கவிடுகின்றன. வேகம் தணிந்த நியூட்ரானை விழுங்கும் அணுக்கரு, உபரி ஆற்றலைக் காமாக் கதிராக வெளிவிடும். தனிமத்துக்குத் தனிமம் அந்த ஆற்றல் வேறு. நீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு 22 லட்சத்து 23 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட்.

விண்கலத்தின் உடலும் காஸ்மிக் கதிர் பட்டுக் காமாக் கதிரை உமிழும். அந்தக் கலப்படத்தைத் தவிர்க்க, 6 மீட்டருக்கும் நீளமான கை ஒன்றின் நுனியில் கருவியை நீட்டி வைக்க ஏற்பாடு. அது நடந்தது 2002 ஜூனில். அதற்குள், மே மாதமே முதல் செய்தி வந்துவிட்டது: தென்துருவத்தைச் சுற்றி 60 பாகை அட்சரேகை வரை ஹைட்ரஜன் மிகுதி.

உடன் சென்ற நியூட்ரான் கருவிகளும் ஒத்துப்பாடின. கேரம் காய் தன் எடையுள்ள இன்னொரு காயில் மோதினால் வேகத்தை இழக்கும். நியூட்ரானும் ஹைட்ரஜனும் அப்படித்தான். அந்தப் பகுதியில் வேக நியூட்ரான்கள் குறைந்திருந்தன. மேல்மண்ணுக்கு அடியில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள், பனிக்கட்டி இருப்பதாக விஞ்ஞானிகள் கணித்தார்கள். வடக்கே உறைந்த கார்பன் டை ஆக்சைடு மூடியிருந்தது. அது ஆவியானதும் அங்கும் அதே கதை.

ஆனாலும் காமாக் கதிர் சொன்னது ஹைட்ரஜன் என்று மட்டுமே. பனிக்கட்டியை நேரில் பார்க்க, ஒடிசி காட்டிய வடசமவெளியில் 2008 மே 25 அன்று பீனிக்ஸ் விண்கலம் இறங்கியது. அது தோண்டிய பள்ளத்தில் பகடை அளவு வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நான்கு நாளில் மாயமாயின. உப்பாக இருந்திருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். பிறகு கலத்தின் சிற்றுலையில் சூடேறிய மண் நீராவி விட்டதாக ஜூலை 31 அன்று அறிவிப்பு வந்தது.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, எங்கே தோண்டலாம் என்று சொன்னது ஜெர்மேனியம். தோண்டியதில் இருப்பது நீர்தான் என்று உறுதிசெய்ய மண்வெட்டியும் அடுப்பும் வேண்டியிருந்தன.