பேயின் கையில் எழுத்தாணி: ஒரு தேய்வழக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்ற மாதம் ஹெப்பகோடியில், நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்து அறையில், கதை எழுதும் ஆர்வமுள்ள பதினொருவர் கூடினோம். பெரும்பாலோர் மின்னணு நகரத்திலும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையிலும் பணிபுரிபவர்கள்; மூவர் முதுகலை மாணவர்கள். பேச்சைத் தொடங்கிவைக்க இரண்டு எளிய வினாக்களை முன்வைத்தேன். எதைக் கொண்டு எழுதுகிறீர்கள்? பேய்க் கதைகளில் இனி எந்தக் கருவைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடுவீர்கள்?

முதல் வினாவுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. ஒருவருக்கு மைப்பேனா இன்றி ஒரு வரியும் ஓடாது. மற்றொருவர் ஓசூர்ச் சாலை நெரிசலில் பேருந்தில் நின்றபடி இரு கட்டைவிரல்களால் கைப்பேசியில் தட்டுகிறார். கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுத்தாக்கிக்கொள்வதாக ஓர் இளைஞர் ஒப்புக்கொண்டார். ஏதோ குற்றத்தை ஏற்பவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் வினாவுக்கோ ஏறத்தாழ ஒரே விடைதான். வெள்ளைச் சேலை, கொலுசொலி, மல்லிகை மணம், பாழடைந்த பங்களா, அநியாயமாகக் கொல்லப்பட்டுப் பழிவாங்கத் திரும்பி வரும் பெண். இந்தப் பெண்ணை இனி யாரும் எழுதக் கூடாது என்று தீர்மானமே நிறைவேற்றிவிடுவார்கள் போலிருந்தது.

தையல் ஆலை ஒன்றில் பணிபுரியும் ஒரு பெண் மட்டும் உடன்படவில்லை. "அவளையும் எடுத்துட்டா, செத்தவ எங்க சார் போய்ச் சொல்லுவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காக விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடியே இப்பதிவை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு கரு 'தேய்ந்துவிட்டது' என்னும் குறைபாடே வரலாற்றில் பிந்தியது. தமிழ்ச் செய்யுள் மரபில் திரும்பத் திரும்ப வருவதற்குத் துறை என்று பெயர். தொல்காப்பியர் காஞ்சித் திணையில், போர்க்களத்தில் புண்பட்டு வீழ்ந்தவனைப் பேய் காத்து நிற்பதற்குத் தனித் துறையே வகுத்தார். புலவன் அத்துறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதனுள் நின்று நன்றாகப் பாடினால் போதும். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. பேய் மீண்டும் வந்துவிட்டதே என்று கேட்டவர் எவரும் சலித்திருக்க மாட்டார். பேய் வராவிட்டால் அது பரணியே ஆகாது.

ஏட்டுச்சுவடியின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கோவையிலைச் சாறும் கரியும் தடவி எழுத்தைத் துலக்கிய காலத்தில், ஒரு நூல் அழியாமல் இருக்க வேண்டுமென்றால் அதனைத் திரும்பப் படியெடுக்க வேண்டும். அங்கே திரும்ப எழுதுதல் என்பது காப்பாற்றும் செயல். 'இதை முன்பே படித்துவிட்டேன்' என்ற சலிப்பு, வாரந்தோறும் புதிய கதை கேட்கும் அச்சிதழ்ச் சந்தையோடு வந்தது. ஆனந்த விகடன் 1926, கலைமகள் 1932, மணிக்கொடி 1933, குமுதம் 1947. இந்தக் கால்நூற்றாண்டில்தான் கதை என்பது ஒரு வாரத்தில் பழையதாகிவிடும் பொருளாயிற்று என்பது என் துணிபு.

வாயால் சொல்லி எழுதும் அந்த இளைஞருக்காக ஓர் இடைக்குறிப்பு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள் இயற்றும்போது, அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவதே பெருவழக்கு. உ.வே. சாமிநாதையர் இதனைப் பல இடங்களில் வியந்து பதிவுசெய்திருக்கிறார். ஆகவே தலைகுனிய வேண்டியதில்லை. கைப்பேசிக்குச் சந்தி தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு.

இனிப் பெண்பேய்க்கு வருவோம். தமிழில் பேயைப் பற்றி எழுதியோர் பலர். பேயாகவே நின்று எழுதியவர் ஒருவர் உண்டு. பொது ஆண்டு 6ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களின் இறுதியில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறிப்பிடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் வரலாற்றின்படி, கணவன் தம்மைத் தெய்வமென்று அஞ்சி விலகிய பின், அவனுக்காகச் சுமந்திருந்த உடலழகை நீக்கிப் பேய்வடிவு தருமாறு இறைவனிடம் வேண்டிப் பெறுகிறார். இந்தக் கதையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதிகங்களை மட்டும் படித்தாலும் வியப்பு குறையாது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண் என்று பெண்பேயின் உடலை அவர் தயக்கமின்றி வரைகிறார். நம் திரைப்படப் பேய்கள் ஒப்பனைக்குப் பின்னும் அழகாகவே இருக்கின்றன என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே சுடுகாட்டில் அம்மையார் இசைச் சுரங்களின் பெயர்களையும் இசைக்கருவிகளின் பெயர்களையும் அடுக்குகிறார். இசையறிவு மிக்க ஒரு பெண், பேய் என்ற நிலையைத் தம் புலமைக்குரிய இருக்கையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்றே நான் படிக்கிறேன்.

அதே திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். தமிழின் மிகப் புகழ்பெற்ற பழிவாங்கும் பேய் அவ்வூருக்கு உரியவள்: நீலி. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, தானே அவன் மனைவி என்று ஊரார்முன் வழக்குரைக்கிறாள். வேளாளர் எழுபதுபேர் வணிகன் உயிருக்குப் பிணைநிற்கின்றனர்; அவன் மாண்டதும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்கின்றனர். மரபு இக்கதையை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகப் போற்றுகிறது. 'நீலிக்கண்ணீர்' என்ற தொடர் மட்டும் அவளுக்கு மிஞ்சிற்று. கொலையுண்டவளின் அழுகை பொய்யழுகைக்குப் பெயராக மொழியில் நிலைத்துவிட்டதை எண்ணிப் பாருங்கள். முதற்கொலையைச் செய்தவனுக்கு அப்படி ஒரு தொடர் இல்லை.

இந்தக் கருவின் தேய்வை முதலில் உணர்ந்து திருப்பி எழுதியவர், பெயர் தெரியாத ஒரு சமணப் புலவர் என்பதே என் கருத்து. 10ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் நீலகேசி, பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க விடாமல் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுக்கிறார். அவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி ஏவப்படுகிறாள். இதுவரை வழக்கமான பேய்க்கதைதான். அச்சம் பலிக்கவில்லை, மயக்கமும் பலிக்கவில்லை. முனிவர் அவளை ஓட்டவில்லை, குடத்தில் அடைக்கவில்லை, ஆணி அடித்து மரத்தில் நிறுத்தவில்லை. அறம் உரைக்கிறார், அவள் கேட்கிறாள், மாணவியாகிறாள். பின்னர் நூல் நெடுகிலும் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என்று ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வாதிட்டு வெல்கிறாள். பத்தாம் சருக்கத்தில் பூதவாதியோடு வாதம்: உடலுக்கு அப்பால் உயிர் இல்லை என்பவனிடம், பேயாக இருந்த ஒருத்தி உயிர் உண்டு என்று நிறுவுகிறாள். தமிழ் இலக்கியத்தில் இதைவிட நுட்பமான நகைச்சுவையை நான் அதிகம் கண்டதில்லை. அ. சக்கரவர்த்தி இந்நூலைச் சமய திவாகர உரையோடு 1936இல் பதிப்பித்தார்.

நீலகேசியைப் பெண்ணியப் பனுவல் என்று சொல்ல வரவில்லை. அவள் வாயில் இருப்பது ஒரு சமயத்தின் வாதம். எழுத்தாணி இன்னொருவர் கையில். ஆயினும் பேய் பேசலாம், பேசினால் தருக்கத்தோடு பேசலாம் என்னும் வாய்ப்பை அந்நூல் திறந்துவைத்தது.

அச்சிதழ்க் காலத்தில் அவ்வாய்ப்பு பெரும்பாலும் மூடப்பட்டது. தென்மாவட்டத்து இசக்கியம்மன் கோயில்களில் வில்லுப்பாட்டாக இரவு முழுதும் தன் கதையைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தவள், இதழ்க்கதைகளிலும் மலிவு நாவல்களிலும் ஒலியாகவும் மணமாகவும் சுருங்கினாள். வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லின் நாணில் விழும் ஒவ்வொரு அடியும் அவள் பட்ட பாட்டை நினைவூட்டும். கொலுசொலி வாசகரை அச்சுறுத்துவதோடு சரி. வாரம் ஓர் அதிர்ச்சி வேண்டும். அதிர்ச்சிக்கு வரலாறு தேவையில்லை.

விதிவிலக்குகளில் முதலாவது புதுமைப்பித்தனின் காஞ்சனை (1943). பேய் உண்டா இல்லையா என்ற முடிவை அவர் வாசகருக்குத் தரவில்லை என்பது அனைவரும் அறிந்தது. நான் சுட்ட விரும்புவது வேறு. அக்கதையைச் சொல்பவன் ஓர் எழுத்தாளன். வாசலுக்கு வந்த பிச்சைக்காரியிடம் அவன் மனைவி ஒரு பெண்ணைக் காண்கிறாள், வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவனோ அவளிடம் பேயைக் காண்கிறான். பேனா பிடித்தவன் கண்ணுக்குத்தான் பேய் தெரிகிறது. அது அவள் இயல்பா, அவன் தொழிற்கோளாறா என்ற ஐயத்தைப் புதுமைப்பித்தன் கடைசிவரை தீர்க்கவில்லை.

இரண்டாவது பெங்களூரிலேயே எழுதப்பட்டது. பாரத் மின்னணு நிறுவனத்தின் பொறியாளராக இருந்துகொண்டே தொடர்கதைகளை எழுதிக் குவித்த சுஜாதா, கொலையுதிர் காலத்தில் ஆவியைக் கணேஷுக்கும் வசந்துக்கும் இடையிலான விவாதப் பொருளாக்கினார். முப்பரிமாணப் படிமம், சீரொளி என்று அறிவியல் விளக்கம் வருகிறது. அன்றைய வாசகருக்கு அது உண்மையான புதுமை. ஆனால் விளக்குபவர்கள் வழக்கறிஞர்கள். ஆவி வழக்கின் பொருள் மட்டுமே. நீலியாவது ஊரார்முன் தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தாள்.

திரைப்படத்தில் இது மேலும் ஒரு திருப்பம் கொண்டது. இங்கே வாழ்பவர்களுக்கு அது சுவையானது. மணிச்சித்திரத்தாழ் (1993) மலையாளப் படம். அதில் நாகவல்லி தமிழ்நாட்டு நடனப்பெண், தமிழ் பேசுகிறாள். அது கன்னடத்தில் ஆப்தமித்ரா (2004) ஆனபோது தெலுங்கு பேசினாள். தமிழில் சந்திரமுகி (2005) ஆனபோதும் தெலுங்கே பேசினாள். பேய் எப்போதும் பக்கத்து வீட்டு மொழியைத்தான் பேசுகிறது. வீட்டுக்குள் அடைக்கப்பட்ட அயலாள் என்பதே அவள் இலக்கணம். கன்னடம், தமிழ், தெலுங்கு, ஒடியா, வங்காளம் ஆகிய ஐந்தும் ஒரே மாடிப்படியில் கேட்கும் ஹெப்பகோடியில், யார் யாருக்குப் பேய் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெங்களூருக்கென்றே ஒரு பேய்க்கதை இருக்கிறது. 1990களில் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இரவில் ஒரு பெண்ணாவி வீட்டாரின் குரலில் கதவைத் தட்டி அழைப்பதாகப் பேச்சு பரவியது. மக்கள் வாசற்கதவில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். வருபவள் அதைப் படித்து, நாளை வரலாம் என்று திரும்பிவிடுவாளாம். மறுநாளும் அதே எழுத்து, அதே திரும்பல். இந்தி மொழியில் 2018இல் வந்த ஸ்த்ரீ இதே நம்பிக்கையைக் கையாண்டது. எங்கள் தெருவில் அக்காலத்தில் சுண்ணாம்பால் எழுதியதை ஒரு மூதாட்டி நினைவுகூர்ந்தார். கன்னடம் படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் எதிர்வீட்டு எழுத்தைக் கோலம்போல் பார்த்து வரைந்தார்களாம்.

இக்கதையில் நான் கவனிப்பது மூன்று. எழுதுகருவி சுண்ணாம்புக் கட்டி. பேய்க்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பேய் எழுத்தறிவு உடையவள். கதவுக்குள் இருந்தவர்களில் சிலருக்கே அது இல்லை. அவளுக்கு மறுப்பு சொல்லப்படவும் இல்லை. வாய்தா கொடுக்கப்படுகிறது, நீதிமன்றத்தில் கொடுப்பதைப்போல. என்ன கேட்க வந்தாள் என்று ஒருவரும் கேட்டதாகக் கதை சொல்லவில்லை.

ஆகவே அந்தத் தையல் தொழிலாளிக்கு நான் தரக்கூடிய விடை இது. கொல்லப்பட்டுத் திரும்பும் பெண் என்ற கரு தேயவில்லை. தேய்ந்தது அவளை வாய்மூடி நடமாட வைக்கும் முறை. காரைக்கால் பேய்க்குப் பண் இருந்தது, நீலகேசிக்குத் தருக்கம் இருந்தது, இசக்கிக்கு ஓர் இரவு முழுதும் இருந்தது. நம் இதழ்ப்பேய்க்குக் கொலுசு மட்டும் இருக்கிறது. வெள்ளைச் சேலையைத் தடைசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. அவளைத் தடைசெய்வதில் உண்டு. அன்றைய அமர்வில் பெரும்பான்மையோடு சேர்ந்து நானும் தலையாட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவரும் ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறார். மஞ்சள் தட மெட்ரோவில் ஹெப்பகோடிக்கும் ஆர்.வி. சாலைக்கும் இடையே, கைப்பேசியில். கதவில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருத்தி திரும்பிப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாளாம். அவள் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதில்தான் இப்போது சிக்கல்; குழுவில் மூன்று நாளாக வழக்கு நடக்கிறது.

அடுத்த அமர்வில் நீலகேசியின் முதற் சருக்கத்தை உரையோடு வாசிக்கிறோம். சக்கரவர்த்தி பதிப்பின் ஒளிநகல் என்னிடம் இருக்கிறது. வர இயலும் மாணவர்கள் முன்கூட்டியே சொன்னால் படியெடுத்து வைக்கிறேன்.