கோப்பித் தீர்வையும் மாத்தளைக் கிளர்ச்சியும்



2019 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே பிரித்தானிய மக்களைப் பெரியதோர் அச்சம் பற்றியிருந்தது. 1973 ஆம் ஆண்டு தொடக்கம் தாம் உறுப்புரிமை பெற்றிருந்த ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பினின்றும் விலகுவதென 2016 ஜூன் 23 ஆந் திகதி வாக்களிப்பின் மூலம் அவர்கள் முடிவு செய்திருந்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேர் விலகலையே விரும்பினர். ஆயினும், எத்தகைய உடன்படிக்கையோடு விலகுவது என்னும் வினாவுக்கு விடை கிடைத்தபாடில்லை. அரசாங்கம் செய்துவந்த உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மும்முறை நிராகரித்தது. உடன்படிக்கை ஏதுமின்றியே நாடு வெளியேற நேருமாயின் துறைமுகங்களிலே பாரவண்டிகள் தேங்கி நிற்கும், மருந்துகள் தட்டுப்படும், அயர்லாந்து எல்லையிலே மீண்டும் காவல் அரண்கள் எழும் என்றெல்லாம் மக்கள் அஞ்சினர். மருந்தையும் உணவையும் முற்கூட்டியே சேமித்தோர் பலர்.

அந்த அச்சத்தின் ஒரு சிற்றலை நமது நாட்டுக் கரையையும் தொட்டது. இலங்கைப் பண்டங்கள் பிரித்தானியச் சந்தையிலே பெற்றுவந்த தீர்வைச் சலுகை, ஐரோப்பிய ஒன்றியம் வழங்கிய சலுகையே ஆகும். நடுவர் விலகிச் சென்றால் சலுகை என்னாகும் என்று ஆடைத் தொழிலில் ஈடுபட்டோரும் ஏற்றுமதி வணிகரும் கவலையுற்றனர். ஈற்றில் 2020 ஜனவரி 31 ஆந் திகதி பிரித்தானியா விலகியது. வணிக உடன்படிக்கையோ இடைக்காலம் முடிவுறுவதற்கு ஒரு வாரமே எஞ்சியிருந்த வேளையில், 2020 டிசம்பர் 24 ஆந் திகதியன்றுதான் கைகூடிற்று. நமக்குரிய சலுகையும் அறுந்து போகாமல் தொடர்ந்தது.

பயந்தபடி நிகழவில்லை என்பதனால் அந்தப் பயம் பொருளற்றதாகுமா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை. மாத்தளையின் மலைச்சரிவுகளிலேயே அதற்குரிய வரலாறு கிடக்கின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, பாதுகாப்பானதோர் வணிக வளையத்தின் சுவர்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டபோது, அதற்கான எந்த ஆயத்தமும் இல்லாதிருந்த மாத்தளை மக்கள் என்ன துன்பம் உற்றனர் என்பதையே இன்று நாம் நோக்கப் போகின்றோம்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அதன் பின்னர் வீதிகள் திறக்கப்பட்டன. வீதிகளைத் தொடர்ந்து கோப்பி வந்தது. ஆனால் கோப்பிச் செடியை மலைநாட்டிலே வேரூன்றச் செய்தது மண்வளம் மாத்திரமன்று. இலண்டன் சுங்க நிலையத்தின் தீர்வைப் பட்டியலும் அதற்குத் துணை நின்றது. 1835 வரையும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கே குறைந்த தீர்வை விதிக்கப்பட்டு வந்தது. அவ்வாண்டில் கீழைத்தேயக் குடியேற்ற நாடுகளின் கோப்பிக்கும் அதே தீர்வை என்றாயிற்று. பிரேசில், யாவா முதலிய பிறநாட்டுக் கோப்பிக்கோ உயர்ந்த தீர்வை இருந்தது. ஆகவே பேரரசு என்னும் வேலிக்குள் நின்ற இலங்கைக் கோப்பிக்குச் சந்தை உறுதியாயிற்று.

அதன் விளைவு வியக்கத்தக்கது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. ஏக்கர் ஐந்து சிலிங்கு விலையிலே முடிக்குரிய காணிகள் விற்கப்பட்டன. அரசாங்கத்தின் உயர் அலுவலரே காணி வாங்கித் தோட்டத்துரைமாராயினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டு நிலங்களையும் சேனைப் புலங்களையும் அரசுக்கு உரியனவாகக் கருத வழி செய்தது. கிராமத்தவன் தன் முன்னோர் காலந்தொட்டு விறகும் மேய்ச்சலும் பெற்றுவந்த காடு அவன் கண்முன்னே கைமாறிற்று.

இத்தோட்டங்களிலே உழைப்பதற்குத் தென்னிந்தியத் தமிழ் மக்கள் வந்தனர். மன்னார்க் கரையிலே இறங்கி, வறண்ட காட்டினூடே நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகவே கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக அவர்கள் மாத்தளையை அடைந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானோர் பலர். பிழைத்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளையே. இந்நகரத்து முத்துமாரியம்மன் ஆலயத்தோடு அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றளவும் கொண்டுள்ள பற்றினை நேயர்கள் அறிவர்.

இலண்டனில் இதற்கிடையே காற்றுத் திசைமாறி வீசலாயிற்று. பாதுகாப்புத் தீர்வைகளை அகற்றிச் சுதந்திர வணிகத்தை நிலைநாட்ட வேண்டும் என்னும் கொள்கை அங்கு வலுப்பெற்றது. 1842 இல் குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு இறாத்தல் ஒன்றுக்கு 4 பென்சும், பிறநாட்டுக் கோப்பிக்கு 8 பென்சும் தீர்வையாக இருந்தன. 1844 இல் பிறநாட்டுக் கோப்பியின் தீர்வை 6 பென்சாகக் குறைக்கப்பட்டது. நான்கு பென்சாக இருந்த வேலி இரண்டு பென்சாகத் தாழ்ந்தது. 1846 இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டபோது, எஞ்சிய வேலிகளும் நெடுநாள் நில்லா என்பது யாவருக்கும் புலனாயிற்று. 1851 இல் இருவகைக் கோப்பிக்கும் 3 பென்சு என ஒரே தீர்வை விதிக்கப்பட்டது.

கோப்பி விலையின் வீழ்ச்சிக்கு இத்தீர்வை மாற்றம் ஒன்றே காரணம் எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தோட்டங்கள் அளவிறந்து பெருகியிருந்தன. கடனை நம்பி ஊக வணிகம் நடைபெற்றது. 1847 இல் பிரித்தானியாவிலே பெரும் வணிக நெருக்கடி மூண்டது. ஆயினும், வேலியை நம்பி வளர்ந்த பயிர் வேலி தாழ்ந்த வேளையிலேயே புயலையும் எதிர்கொள்ள நேர்ந்தது. விலை வீழ்ந்தது, கடன் கொடுத்தோர் கையை மடக்கினர், பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய தோட்டங்கள் அற்ப விலைக்குப் போயின. சில மீண்டும் காடாயின. துரைமாரின் துன்பத்தை அக்காலப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. கூலி நிலுவையாகி நின்ற தமிழ்த் தொழிலாளியின் துன்பத்தை எழுதுவார் அரியர்.

அரசாங்கத் திறைசேரியும் ஆட்டங் கண்டது. இந்நிலையிலே 1847 மே மாதத்தில் தொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். குடியேற்ற நாட்டு நிருவாகத்திலே அவருக்கு முன்னனுபவம் இல்லை. வருமானக் குறைவை ஈடுசெய்வதற்கு 1848 இல் அவரது அரசாங்கம் வரிகளை அடுக்கிற்று. துப்பாக்கி உரிமப் பத்திரத்துக்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங்கு. நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங்கு. கடைக்கு ஒரு பவுண். வள்ளத்துக்கும் வண்டிக்கும் வரி. இவற்றுக்கு மேலாக வீதிச் சட்டம். இச்சட்டத்தின்படி வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். இன்றேல் மூன்று சிலிங்கு செலுத்துதல் வேண்டும்.

இலண்டனிலிருந்து நோக்குவோருக்கு இவை சிறுதொகைகளாகத் தோன்றியிருக்கலாம். கண்டிக் கிராமத்தானுக்கோ துப்பாக்கியும் நாயும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. பன்றியும் யானையும் சேனையை அழித்துவிடாது காக்கும் துணைகள் அவையே. ஆறு நாள் வேலை என்பது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே நீக்கப்பட்ட இராசகாரியம் வேறு வேடத்தில் மீண்டு வந்ததாகவே அவனுக்குத் தோன்றிற்று. அவ்வாறு அமைக்கப்படும் வீதிகளினாற் பெரும்பயன் பெறுவன கோப்பித் தோட்டங்களே என்பதையும் அவன் அறிவான்.

நேயர்களே, இங்கு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மாத்தளை உழவன் கோப்பித் தீர்வையைப் பற்றி யாதும் அறியான். அத்தீர்வை உயர்ந்தபோது அவனுக்கு இலாபமில்லை, நிலமே பறிபோயிற்று. அது தாழ்ந்தபோது மட்டும் அதன் சுமை அவனது தோளில் வந்து விழுந்தது. இந்தச் சுமை ஏன் வந்தது, எவ்வளவு வரும், எப்பொழுது முடியும் என்பதை அவனுக்கு விளங்கிய மொழியிலே எடுத்துரைப்பாரும் இல்லை. அறிவிப்பு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும் அன்றோ? இன்னும் என்னென்ன பொருள்களுக்கெல்லாம் வரி வரப்போகின்றதோ என்ற வதந்திகள் ஊர்தோறும் பரவின.

1848 ஜூலை 6 ஆந் திகதி கண்டிக் கச்சேரியின் முன்னே பெருந்திரளான மக்கள் கூடினர். அவர்கள் கேட்டது விளக்கம். கிடைத்தது மனநிறைவு தராத மறுமொழி. அம்மாதத்திலேயே, ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையை நடத்திய வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் வரிகளைக் கண்டித்து எழுதிய கடிதம் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவிற்று.

ஜூலை 26 ஆந் திகதி தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா என்பவர் அரசராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவருக்கு வலக்கையாக நின்றார். திரண்ட கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் கால் கடுக்க நடந்து வந்த அதே வீதி வழியாக அவர்கள் மாத்தளையை அடைந்தனர். கச்சேரி தாக்கப்பட்டது, வரிப்பதிவேடுகள் அழிக்கப்பட்டன. மக்களின் சினம் முதன்முதலாக ஏடுகளின் மீதே பாய்ந்தது என்பது கருதத்தக்கது. வாரியபொலவிலே கண்டியிலிருந்து வந்த படை அவர்களை எதிர்கொண்டது. வாளும் தடியும் பழைய துப்பாக்கியும் ஏந்திய உழவர் கூட்டம், பயிற்சி பெற்ற படையின் முன்னே நெடுநேரம் நிற்க இயலவில்லை.

பின்னர் நிகழ்ந்தது பழிவாங்கல் எனலே பொருந்தும். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8 ஆந் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். செப்டெம்பரில் எல்கடுவையிலே பிடிபட்ட கொங்காலேகொட பண்டா, கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். சுமார் 200 பேர் உயிரிழந்தனர் எனக் கணக்கிடப்படுகின்றது. அரச படையிலோ காயமுற்றவர் ஒருவரே. இக்கொடுமை பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கு உள்ளாகி, 1850 இல் தேசாதிபதி மீள அழைக்கப்பட்டார். வரிகளும் கைவிடப்பட்டோ தளர்த்தப்பட்டோ போயின. வீதிச் சட்டம் மாத்திரம் நீடித்து நின்றது.

இக்கிளர்ச்சிக்குக் காணி இழப்பும், சமயம் பற்றிய மனத்தாங்கலும், பழைய அரசை மீட்கும் வேட்கையும் காரணங்களாயின என்பதை மறுப்பார் இல்லை. எனினும் அவற்றுக்கெல்லாம் தீ மூட்டிய பொறி வரிகளே. அவ்வரிகளின் பின்னே நின்றது, கோப்பி விலை வீழ்ச்சியினால் வறண்ட திறைசேரி.

இவ்வரலாற்றிலே வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. 1851 இல் சலுகை முற்றாக ஒழிந்தது என்றோம். அதன் பின்னர் இலங்கைக் கோப்பி அழிந்ததா? இல்லை. விலை சீரடைந்ததும் அது முன்னிலும் பெரிதாக வளர்ந்து, உலகில் முன்னணி வகிக்கும் கோப்பி நாடுகளுள் ஒன்றாக இலங்கையை ஆக்கிற்று. 1869 இல் தோன்றிய இலைநோயே அதனை வீழ்த்தியது. ஆகவே சலுகை இன்றி வாழ்தல் இயலாதது அன்று. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் அந்தச் சில ஆண்டுகளை மக்கள் எவ்வாறு கடந்தனர், கடக்க யார் உதவினர் என்பதே வினா. மாத்தளையில் அந்த இடைக்காலத்தை இருநூறு உயிர்கள் கடக்கவில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் நமது வரலாற்றிலேயே உண்டு. கொரியப் போரின் வேளையிலே உயர்ந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ ஏறிற்று. மாத்தளையின் இறப்பர்த் தோட்டங்களும் அச்சரிவை உணர்ந்தன. அவ்வேளை அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. 1952 இன் இறுதியிலே சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே செல்ல, 270,000 தொன் அரிசி இங்கே வரும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவின் வெறுப்பைச் சம்பாதித்தபோதும், ஒரு கதவு சாத்தப்படுமுன் மற்றொரு கதவைத் தேடித் திறந்தமை தக்கதொரு செயலே.

அண்மைக் காலத்திலும், 2010 ஆகஸ்டிலே ஐரோப்பிய ஒன்றியம் தனது விசேட தீர்வைச் சலுகையை இலங்கையிடமிருந்து நிறுத்தி, 2017 மே மாதத்திலேயே மீள வழங்கிற்று. மாத்தளையின் கறுவாவும் மிளகும் சாதிக்காயும் கடல் கடந்து செல்லும் பண்டங்கள். தொலைதூரத்து மண்டபம் ஒன்றிலே ஒரு பேனா அசைந்தால், இங்கே ஒரு வீட்டு முற்றத்திலே காயும் மிளகின் விலையும் அசையும். இவ்வுறவு இனியும் தொடரும்.

ஆதலால், வணிக உடன்பாடுகள் முறியும் காலத்தில் மக்கள் கொள்ளும் அச்சத்தைப் பேதைமை என்று ஒதுக்குதல் ஆட்சியாளருக்குத் தகாது. 2019 இல் பிரித்தானியர் கேட்ட கேள்வியும், 1848 இல் கண்டிக் கச்சேரியின் முன்னே நின்றோர் கேட்ட கேள்வியும் அடிப்படையில் ஒன்றே: ‘இந்த மாற்றத்தின் சுமையை யார் சுமப்பது?’ இக்கேள்விக்கு மக்களின் மொழியிலே, காலந் தாழ்த்தாது, உண்மையான விடை கூறப்படுமாயின் அச்சம் தணியும். விடை கூறாது வரியை மட்டும் அனுப்பிவைத்தால் என்ன நிகழும் என்பதை மாத்தளையின் மண் அறியும்.