சுனிதி சாலமன்

சுனிதி சாலமன் (மறைவு: 28 ஜூலை 2015), இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்திய ஆராய்ச்சியை நடத்துவித்தவரும், அக்கிருமியுற்றோருக்கான சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் சென்னையில் தனியொரு ஸ்தாபனம் கண்டவருமான மருத்துவ அறிஞர். சென்னையில் தோல் வணிகம் புரிந்துவந்த மராட்டியக் குடும்பமொன்றில் பிறந்த இவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களில் நோய்க்குறியியலில் பயிற்சி பெற்று, இதய அறுவை நிபுணரான கணவர் விக்டர் சாலமனுடன் 1973இல் தாயகம் திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கினார்.

1981இல் அமெரிக்காவில் முதலில் அறியப்பட்ட எய்ட்ஸ், மேல்நாட்டு வாழ்க்கைமுறைக்கே உரிய வியாதி என்றும், நமது குடும்ப தர்மமே நமக்குக் கவசம் என்றும் இங்கே பலர் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், அந்நம்பிக்கையைப் பரிசோதனைக்கு உட்படுத்துவதே விஞ்ஞானியின் கடமை எனக் கருதிய சுனிதி, அதனை முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவின் ஆய்வுப் பொருளாக்கினார். பாலியல் தொழில் காரணமாகக் காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் பெற்ற இரத்தத்தினின்று சீரத்தைப் பிரித்தெடுத்து, வேறு வசதியின்மையால் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார் நிர்மலா. அங்கே ஆறு பெண்களின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் புலப்பட்டது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதனை உறுதிசெய்தது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைத் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் அறியப்படாத அந்த ஆறு பெண்களுக்கும் இந்நாட்டு மருத்துவம் பெருங்கடன் பட்டிருக்கிறது.

நோயைக் கண்டறிந்ததோடு ஆய்வாளரின் வேலை தீர்ந்துவிட்டது என்று சுனிதி எண்ணவில்லை. கிருமியுற்றோர் என்று தெரிந்ததும் மருத்துவர்களே தொட்டுப் பார்க்க அஞ்சியதையும், வீட்டார் கைவிட்டதையும் கண்ணுற்ற அவர், 1993இல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர். கைத்தொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தைத் தொடங்கினார். கிருமியை அடக்கவல்ல கூட்டு மருந்துச் சிகிச்சை உலகிலேயே 1996இல்தான் நிலைபெற்றது என்பதை நினைக்கும்போது, அந்த ஆரம்ப ஆண்டுகளின் அருமை விளங்கும். காசம், நிமோனியா முதலிய தொடர் தொற்றுகளைத் தீர்ப்பதும், இரகசியம் காத்துப் பரிசோதிப்பதும், முடிவைச் சொல்லுமுன்னும் சொல்லிய பின்னும் அருகிலமர்ந்து ஆலோசனை கூறுவதும், கணவனால் தொற்றுற்ற மனைவிக்காக மாமியார் வீட்டாரிடம் பேசுவதுமே அன்று கைவசமிருந்த வைத்தியம்.

திருமணத்தையும் அவர் சிகிச்சைக்குப் புறம்பானதாகக் கருதவில்லை. கிருமியுற்ற இளைஞருக்கும் பெண்களுக்கும் அந்த மையத்திலேயே வரன் பார்க்கப்பட்டது; சாதி, மொழி, படிப்பு ஆகியவற்றை விசாரிக்கும் நம்மவர் வழக்கத்தோடு, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையும் ஒப்பிடப்பட்டது. ஒருவர் நலிந்தால் மற்றவர் தாங்க வேண்டும், பிறக்கும் குழந்தை நெடுங்காலம் பெற்றோருடன் வாழ வேண்டும் என்னும் முன்யோசனையே அதற்குக் காரணம்.

மருந்தின் விலையே அடுத்த தடை. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ 350 டாலருக்குத் தொண்டு ஸ்தாபனங்களுக்கு அளிக்க முன்வந்தபின், மேல்நாட்டு விலையை எண்ணிப் பார்க்கவும் இயலாதவர்களுக்கு வழி பிறந்தது. இந்திய மருந்துகளை உட்கொண்ட நோயாளிகளின் நிலையை இம்மையத்தார் ஒழுங்காகப் பதிந்து வெளியிட்ட கட்டுரைகள், அவற்றின் பயனை அயல்நாட்டு அறிஞர்களுக்கும் புலப்படுத்தின. அரசு மருத்துவமனைகளில், ஏ.ஆர்.டி. எனப்படும் இக்கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் இலவசமாகத் தொடங்கிற்று.

இம்மையம் பங்குகொண்ட ஆராய்ச்சிகளுள் தலையாயது, ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளைக் கொண்டு நடந்த எச்.பி.டி.என். 052 என்னும் ஆய்வாகும். ஒருவருக்குக் கிருமியிருந்து துணைக்கு இல்லாத இத்தம்பதிகளுள் ஒரு பாதியினருக்கு உடனேயும், மறுபாதியினருக்கு எதிர்ப்புச் சக்தி குன்றிய பிறகும் மருந்து கொடுக்கப்பட்டது. துணையிடமிருந்தே வந்தவை என்று நிரூபணமான 28 தொற்றுகளில் ஒன்று மட்டுமே முன்னதாக மருந்துண்ட பிரிவில் நேர்ந்தது; அதாவது, தொற்று 96 சதவீதம் தடைப்பட்டது. நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்தே அவருடைய துணையையும் காக்கிறது என 2011இல் வெளியான இம்முடிவை, அவ்வாண்டின் தலைசிறந்த விஞ்ஞான முன்னேற்றம் என்று ‘சயன்ஸ்’ சஞ்சிகை தேர்ந்தெடுத்தது. கிருமியுள்ளவரும் இல்லாதவருமாகக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து, ஆண்டுக்கணக்கில் மருத்துவரை நம்பி நின்றாலன்றி இத்தகைய ஆய்வு கைகூடாது. மருந்தில்லாத காலத்தில் ஆலோசனை அறையில் ஈட்டப்பட்ட நம்பிக்கையே சென்னையில் அதற்கு மூலதனமாயிற்று என்று கொள்வது மிகையாகாது.

சுனிதி கணையப் புற்றுநோயால் காலமானார். கிருமியுற்றவர் எல்லோருக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றும்வரை காத்திராமல், உடனே சிகிச்சை தொடங்குக என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதே 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2017இல் இந்திய அரசும் அக்கொள்கையை மேற்கொண்டது. அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அவ்வாண்டே வழங்கப்பட்டது.