கூடியதா, கூட்டப்பட்டதா?

'ரீகன்வீன்' என்கிற ஆங்கில வினைச்சொல் நமது கூட்டங்களில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. "டீ குடிச்சிட்டு மூணு மணிக்கு ரீகன்வீன் ஆகலாம் தோழர்" என்கிறோம். குறிப்பேடு எழுதுகிறவர் 'கூட்டம் மீண்டும் கூடியது' என்று தமிழில் எழுதி வைக்கிறார். இதிலென்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

'சேர்ந்து வருதல்' எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல் ஆங்கிலத்தில் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவில் நிற்கிறது. உறுப்பினர்கள் தாமாக மறுபடி வந்து கூடினாலும் அதே சொல்தான். தலைவர் மணியடித்துக் கூட்டினாலும் அதே சொல்தான். தமிழில் இந்த வசதி கிடையாது. கூடினார்கள், கூட்டினார்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். டகரம் இரட்டித்த உடனே கூட்டியவர் யார் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கலைந்தது, கலைத்தார்கள் என்பதும் இப்படித்தான். 'கூட்டம் கலைந்தது' என்று மறுநாள் பத்திரிகையில் படிக்கிறோம். லத்தியடி வாங்கினவனிடம் கேட்டால் அவன் வேறு வினைமுற்று சொல்வான்.

இன்னொன்று, அந்த 'ரீ'. இடைவெளிக்கு முன் இருந்தவர்களே இடைவெளிக்குப் பின்னும் இருக்கிறார்கள் என்று அது சத்தமில்லாமல் உறுதி கூறுகிறது. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரினார். அமளியில் அவை இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், வேறு சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்று மணிக்கு மேல் 'அவை மீண்டும் கூடி' 122க்கு 11 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. காலையில் இருந்த அவையா அது? இலக்கணம் ஆமாம் என்கிறது.

கொடைக்கானலின் எழுதப்பட்ட வரலாற்றைப் புரட்டினால் இந்த வினையின் வரலாறாகவே அது தெரிகிறது. 1834இல் மதுரையில் காலூன்றிய அமெரிக்க மிஷன், நோய்க்குப் பலரைப் பறிகொடுத்தபின், 1845இல் மலைமேல் இரண்டு வீடுகள் கட்டியது. அதன்பின் கோடைதோறும் மிஷனரிகள் சமவெளியை விட்டு மேலே வந்தார்கள். ஜெபம், ஆலோசனைக் கூட்டம், ஏரியில் படகு (ஏரியே 1863இல் வெட்டி உண்டாக்கியதுதான்), பிறகு அவரவர் ஊர். அடுத்த கோடையில் மறுபடி. 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைப் போடுவதுண்டு. அந்த வாக்கியத்தில் எழுவாய் பள்ளிக்கூடம், பிள்ளைகள் இல்லை.

சரி, இவர்கள் மேலே வந்தது எப்படி? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் பாதை வரும்வரை, அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையில், அல்லது டோலியில். டோலி தானாக ஏறாது. துரைமார் கூடுவதற்கு முன்னால், தூக்குகிற ஆட்களை யாரோ கூட்டியிருக்க வேண்டும், சீசனுக்குச் சீசன் அதே தோள்களை. அதுவும் ஒரு குழு இடைவெளிக்குப் பின் மறுபடி ஒன்றுசேர்வதுதானே? ஆனால் அதற்கு யாரும் 'ரீகன்வீன்' என்று எழுதவில்லை. ஆள் கிடைத்தது, கிடைக்கவில்லை என்ற கணக்கிலேயே அவர்கள் வருகிறார்கள். குன்னுவர், புலையர், பளியர் கதை வேறு. அவர்கள் மீண்டும் கூடவேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் மலையை விட்டு எங்கும் போகவில்லை. இச்சொல்லுக்கு எழுவாயாக இருக்க முதலில் விடுப்பு எடுக்க முடிந்தவராக இருக்கவேண்டும்.

இந்தச் சொல்லாடலைக் கவிழ்த்துப் போட்டவர்கள் என்று நான் கருதுவது பாதரசத் தொழிலாளர்களை. செயிண்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே, 1983இல் பாண்ட்ஸ் கம்பெனி தெர்மாமீட்டர் ஆலை தொடங்கியது. எந்திரங்கள் அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலையிலிருந்து வந்தவை. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. (அதன் பயணத்துக்கும் ஒரு 'ரீ' போடலாம்.)

ஆலை ஓடியவரை இவர்களைக் கூட்டியது ஷிஃப்ட். கூட்டியவர் யார், கூலி எவ்வளவு, எல்லாம் தெளிவு. மூடியபின் கூட்டுவதற்கு ஆளில்லை. சட்டப்படி அவர்கள் இனி ஒரு குழுவே இல்லை, தனித்தனி ஆட்கள். கம்பெனிக்கு அப்படி இருப்பதுதான் சௌகரியம். தனி ஆளின் நடுக்கமும் சிறுநீரகக் கோளாறும் தனி ஆளின் வியாதி. நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசினால்தான் அது தொழிற்சாலையின் வியாதியா என்ற கேள்வி பிறக்கிறது. 'முன்னாள்' என்ற அடைமொழியோடு அவர்கள் சங்கமானார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியபோது, கொடைக்கானல் பிரச்சினை அன்றுதான் விழித்துக்கொண்டது போலப் பலர் பேசினார்கள். பாட்டு பெரிய காரியம் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினான்கு வருஷம் கூடிக்கொண்டே இருந்தவர்களை அந்தப் பேச்சு 'கூட்டப்பட்டவர்கள்' ஆக்கிவிடுகிறது.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம் தர கம்பெனி உடன்பட்டது. உடல்நலக் கேட்டுக்குப் பொறுப்பை ஏற்று அல்ல, மனிதாபிமான அடிப்படையில் என்றது. கொடுக்கிறவன் வினைமுற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறான் பாருங்கள். ஆனாலும் அந்த 591 என்ற எண் கம்பெனி மணியடித்துச் சேர்த்த எண் இல்லை.

ஒப்பந்தத்தோடு எல்லாம் முடியவில்லை. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவு போதாது, சோலைக்கு மேலே இருக்கிற மண்ணை இன்னும் சுத்தமாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் தொடர்ந்து கேட்டார்கள். பாம்பாற்றுத் தண்ணீர் வைகைப் படுகைக்கு இறங்குகிறது. இந்த விஷயத்துக்காகக் கூட வேண்டியவர்கள் மலைமேல் மட்டும் இல்லை.