கொல்லன் மகனும் கிரேக்கச் சொல்லும்

ஆங்கிலத்தில் வழங்கும் விஞ்ஞானக் கலைச்சொற்கள் யாவும் ஆங்கிலேயர் தாய்ப்பாலோடு பருகியவை என்றொரு மயக்கம் எம் மாணவரிடையே மட்டுமன்றி ஆசிரியர் பலரிடையேயும் உண்டு. அனோட்டு, கதோட்டு, அயன் என்று மனனஞ் செய்யும் எமது மாணவன், இலண்டனிற் பிறந்த பிள்ளைக்கு இவை இயல்பாகவே விளங்கும் என்று எண்ணித் தன்னைத் தாழ்த்திக்கொள்கின்றான். இச்சொற்கள் தோன்றிய காலத்தில் இங்கிலாந்தின் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இவை அந்நியமாகவே இருந்தன. ஏன், இவற்றை உலகுக்கு அறிமுகஞ் செய்த விஞ்ஞானியே இவற்றைப் பிறரிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அந்த வரலாற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

மைக்கேல் பரடே 1791ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற அளவோடு அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. 1805இல், பதினான்காம் வயதில், புத்தகங் கட்டும் கடையொன்றில் ஏழாண்டுக் காலத்துக்குத் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே அவர் வாசித்தார். கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செற் அம்மையார் எளிய ஆங்கிலத்தில் எழுதிய இரசாயன உரையாடல் நூலும் அவருக்குப் பல்கலைக்கழகமாயின.

அதே 1805இல் இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. லீட்ஸ் நகரின் பழைய 'கிராமர்' பாடசாலையிற் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய நவீன மொழிகளையும் கற்பிக்க வேண்டும் என வணிகர் சிலர் விரும்பினர். எல்டன் பிரபு அதற்கு இடங்கொடுக்கவில்லை. 'கிராமர்' பாடசாலை என்பது கிரேக்க, இலத்தீன் இலக்கணங் கற்பிக்கும் இடம். அதற்கென விடப்பட்ட அறக்கொடைப் பணத்தை வேறு பாடங்களுக்குத் திருப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இந்நிலையைத் தளர்த்த 1840இல் தனிச் சட்டமொன்று தேவைப்பட்டது. கிரேக்கங் கற்பதற்கு ஓய்வு வேண்டும்; ஓய்வுக்குச் சொத்து வேண்டும். பல்கலைக்கழக வாயிலில் நின்ற காவலாளி கிரேக்க மொழியே எனலாம்.

பரடே அவ்வாயில் வழியாக நுழைந்தவரல்லர். 1813இல் ஹம்பிரி டேவியின் உதவியாளராக ரோயல் இன்ஸ்டிடியூஷனிற் சேர்ந்த அவர், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்து ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டார். அதன் பின்னர் கரைசல்களின் ஊடாக மின்னோட்டஞ் செல்லும்போது நிகழும் மாற்றங்களை ஆராயத் தொடங்கினார். அப்பொழுது ஓர் இடர் நேர்ந்தது. மின்னோட்டம் புகுமிடத்தையும் வெளியேறுமிடத்தையும் அக்காலத்தவர் 'துருவங்கள்' என்றனர். துருவம் என்றால் காந்தம்போல் ஈர்ப்பது என்ற கருத்து உடன் வரும். பரடேயின் சோதனைகள் அக்கருத்தை மறுத்தன. பழைய சொல்லைப் பயன்படுத்தினால் பழைய கொள்கையும் கூடவே நுழைந்துவிடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். (சொல்லாராய்ச்சியை வீண்வேலை என்போர் இதனைக் கவனிப்பாராக.)

வைத்தியரான நண்பர் ஒருவரின் உதவியோடு சில சொற்களை ஆக்கிக்கொண்ட பரடே, அவற்றில் நிறைவு பெறாது, 1834 ஏப்பிரலில் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் வில்லியம் ஹியூவெல் என்பாருக்குக் கடிதம் எழுதினார். இந்த ஹியூவெல் யார்? இலங்காஸ்ரர் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். கொல்லன் மகன் கேட்டான், தச்சன் மகன் கொடுத்தான். தச்சன் மகனுக்குக் 'கிராமர்' பாடசாலையில் இடங் கிடைத்தது. அதனால் அவரிடம் கிரேக்கம் இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

ஹியூவெல் தந்தவை அனோட்டு, கதோட்டு என்பன. 'ஹொடொஸ்' என்றால் வழி, 'அனா' மேல், 'கற்றா' கீழ். ஏறும் வழி, இறங்கும் வழி என்பது பொருள். எது ஏறுகின்றது? பூமியின் காந்தத்துக்குக் காரணமாக ஒரு மின்னோட்டம் உண்டென்று கற்பனை செய்தால், அது கிழக்கிலிருந்து மேற்காக, ஞாயிற்றின் போக்கிலேயே செல்லும். கரைசலையும் அத்திசையில் வைத்ததாக எண்ணிக்கொண்டால், மின்னோட்டம் புகும் கிழக்குப் பக்கம் ஞாயிறு எழும் வழி. வெளியேறும் மேற்குப் பக்கம் ஞாயிறு படும் வழி. எழுவழி, படுவழி என்று தமிழிற் சொல்லிப் பாருங்கள். 'பொழுதுபட்டது' என்று நாளும் பேசும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதில் விளங்காதது என்ன? அயன் என்பது 'செல்வது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். அவ்வழிகளை நோக்கிச் செல்லும் துணிக்கையின் பெயர்.

புதிய சொற்களுக்கு இலண்டனிற் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. ஹியூவெலின் பெயரைக் கேடயமாகத் தூக்கிக் காட்டியதும் எதிர்ப்பாளரின் குரல் உருகிப்போன விதத்தைப் பரடேயே நகைச்சுவையோடு அவருக்கு எழுதினார். சோதனைச்சாலையில் நிறுவிய உண்மைக்கும் கிரேக்கப் பண்டிதரின் முத்திரை வேண்டியிருந்த சமுதாயம் அது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனோட்டை நேர்மின்வாய் என்கின்றன. தமிழாக்கம் நல்லதே, எனினும் மின்பகுப்பில் நேராக இருக்கும் அனோட்டு, மின்னைத் தரும் கலத்தில் எதிராகிவிடும். மின்னோட்டம் கரைசலுக்குட் புகும் இடம் என்ற மூலப்பொருளோ இரண்டிலும் பிழையாவதில்லை. எமது பாடநூல்கள் கிரேக்க ஒலியை வைத்துக்கொண்டு பொருளைக் கைவிட்டன. ஒலியைத் தந்தவர்கள் ஒரு வரியிற் பொருளையும் தந்திருக்கலாம்.

வேர் ஒன்றைப் பிடித்தால் ஒரு குடும்பமே கைக்குள் வரும் என்பது வகுப்பறையில் நாம் கண்டது. பாடசாலையில் மணிக்கொரு தடவை கேட்கும் 'பீரியட்', சுற்றிவரும் வழி. 'மெதட்', பின்தொடர்ந்து செல்லும் வழி. 'எக்ஸோடஸ்', வெளியேறும் வழி. தமிழ் வேதாகமம் அதனை யாத்திராகமம் என்றது. அவிழ்த்தலைக் குறிக்கும் 'லிசிஸ்' என்பதிலிருந்து பகுப்பாய்வாகிய 'அனலிசிஸ்', மின்பகுப்பாகிய 'இலெக்ட்ரோலிசிஸ்', உடல் தளர்ந்துபோகும் 'பரலிசிஸ்' எல்லாம் வரும். ஆங்கிலம் எட்டாத கிராமத்துப் பிள்ளையும் இவ்விளையாட்டில் நகரத்துப் பிள்ளைக்குச் சமமாக நிற்கின்றான். கிரேக்கம் இருவருக்கும் அந்நியமல்லவா?

ஆயினும் வேரை வேதவாக்காகக் கொள்ளலாகாது. 1787இல் லாவோசியரும் நண்பர்களும் வெளியிட்ட பெயரீட்டில் ஒட்சிசன் என்பது அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்படும். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பதை 1810இல் டேவி விளக்கினார். கொள்கை விழுந்தது, பெயர் விழவில்லை.

கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயில வந்தவனும் முதலிற் கிரேக்கத்திற் சித்தியடைய வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நீடித்தது. அதனை நீக்கும் முயற்சியொன்று 1905இல் தோற்கடிக்கப்பட்டது. முதலாம் உலகப்போருக்குப் பின்னரே, 1919இல், அவ்விதி ஒழிந்தது. ஒக்ஸ்போட் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. அதே 1919இல் ஆங்கிலப் பௌதிகவியலாளர் எக்கிள்ஸ், வானொலிக் கருவிகளிற் பயன்பட்ட இரு மின்வாய்க் குழாய்க்குப் பெயர் தேடினார். பரடே கேட்டு வாங்கிய 'வழி'யின் கடைசி அசையை எடுத்து, முன்னே இரண்டு எனப் பொருள்படும் 'டை' என்பதைச் சேர்த்தார். 'டையோட்' பிறந்தது.