புல்வெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்

ஜப்பானிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள் கெட்டிக்கார விவசாயிகள். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவர்களுக்கு வினையாயிற்று. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டார் விளைநிலம் வாங்கக் கூடாது, குத்தகைக்கு எடுத்தாலும் 3 ஆண்டுக்கு மேல் கூடாது என்று 1913-இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. சட்டத்தில் ஜப்பான் என்ற பெயரே கிடையாது. ஆனால் ஜப்பானியர்களுக்கு அப்போது குடியுரிமை பெறும் வழியில்லை. குறி யார் மேல் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. 1920-இல் குத்தகை வழியையும் அடைத்தார்கள். சொந்த நிலம் மறுக்கப்பட்ட பலர் அடுத்தவர் வீட்டுப் புல்வெளியைப் பராமரிக்கப் போனார்கள்.

அந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டாம். ஒரு பழைய வண்டி, கையால் தள்ளும் புல்வெட்டி, குப்பைவாரி, கத்தரி இருந்தால் போதும். ஆங்கிலம் நாலு வார்த்தை தெரிந்தாலே காலம் தள்ளலாம். இன்னின்ன கிழமையில் இன்னின்ன வீடு என்று வாடிக்கை சேரும். அந்த வீடுகளின் வரிசைக்கு ‘ரூட்’ என்று பெயர். தொழிலை விடுபவர் ரூட்டை அடுத்தவருக்கு விலைக்கு விற்றுவிட்டுப் போவார். லாஸ் ஏஞ்சலஸின் மேற்கே சாட்டெல் என்ற பேட்டையில் இவர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். பணக்காரர்களின் மாளிகைகள் அங்கிருந்து பக்கம்.

1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணிட்ட ஆணையில் கையெழுத்திட்டார். அதன்பேரில் ஏறத்தாழ 1.2 லட்சம் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மான்சனார் முகாமில் புழுதிக்காற்றுக்கு நடுவே, சாப்பாட்டுக் கூடங்களின் வாசலில், வரிசையில் நிற்பவர்கள் கண்ணுக்குப் படும்படி குளமும் பாறையும் செடியுமாகத் தோட்டங்கள் போட்டவர்கள் இவர்கள்தான். பிற்காலத்தில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அந்தத் தோட்டங்களை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தது.

போர் முடிந்து திரும்பியபோது பலருக்குக் கடையும் இல்லை, நிலமும் இல்லை. படித்தவர்கள்கூடப் புல்வெட்டியைப் பிடித்தார்கள். 1955-இல் தென் கலிபோர்னியத் தோட்டக்காரர் கூட்டமைப்பு உருவானது.

அவர்கள் தள்ளிய இயந்திரம் இங்கிலாந்தில் பிறந்தது. குளோஸ்டர்ஷயர் கம்பளி ஆலைகளில் துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளைச் சீராக அறுக்க ஓர் உருளைக் கத்தி இருந்தது. அதைப் புல்லுக்குத் திருப்பியவர் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர். காப்புரிமை பெற்ற ஆண்டு 1830. அந்த உருளை ஆள் தள்ளினால் சுழலும், நின்றால் நின்றுவிடும். விரலைக் கொடுத்தால் வெட்டும்தான். ஆனால் எங்கிருந்தோ ஒரு கல்லை எடுத்து வீசும் வேகம் அதற்குக் கிடையாது.

அந்த வேகம் சுழல் கத்தியோடு வந்தது. எஞ்சினுக்கு அடியில் படுக்கைவாட்டில் சுற்றும் ஒற்றைக் கத்தி அது. சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் பீச் பழ டப்பாவைப் பெட்ரோல் தொட்டியாக வைத்து ஒரு மாதிரி செய்து, 1952-இல் ‘விக்டா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அமெரிக்காவிலும் போருக்குப் பின் எழுந்த புறநகர்களில் சுழல் கத்தி இயந்திரங்களே பெருகின. கத்தி முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தொழில் தரம் வகுத்த உச்ச வரம்பே நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு 340 கிலோமீட்டருக்கும் மேல். புல்லில் மறைந்து கிடக்கும் ஆணியோ கம்பித் துண்டோ அதில் அகப்பட்டால் அடுத்த வீட்டுச் சன்னல் வரை போகும். வெட்டுவதற்கு முன் புல்வெளியை ஒரு சுற்று நடந்து பொறுக்கிவிடு என்ற பாடம் இந்தக் கத்தி கற்றுக்கொடுத்தது.

விதி வரத் தாமதமாயிற்று. நடந்து தள்ளும் சுழல் புல்வெட்டிகளில், பிடியோடு ஒட்டியிருக்கும் நெம்புகோலைக் கைவிட்ட 3 நொடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1982 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்தது. அடைத்துக்கொண்ட ஈரப்புல்லை எடுக்கக் குனிபவரின் விரலைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் விதியை வகுத்தது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். அதன் மனதில் இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுப் புல்லை வெட்டும் வீட்டுக்காரர். அகலமும் எடையும் எஞ்சின் திறனும் மிகுந்த தொழில்முறை இயந்திரங்களுக்கு அந்த விதி பொருந்தாது.

யாருக்காக இந்தப் பாதுகாப்பு என்ற கேள்வி அதன் பிறகும் தொடர்ந்தது. டயசினான் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளலாம். கோல்ஃப் மைதானங்களில் காட்டு வாத்துகள் கூட்டமாக மடிந்த பிறகு, முதலில் அங்கே அதற்குத் தடை வந்தது. குழந்தைகளின் நலம் கருதி, வீட்டுப் புல்வெளிக்கான விற்பனை 2004 இறுதியில் நின்றது. அதைத் தெளித்துப் பிழைத்தவர் இந்த வரிசையில் முன்னால் வரவே இல்லை.

ப்ளோயர் கதையும் இதுதான். 1976-77 வறட்சியில் நடைபாதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாமல் போகவே, காற்றால் இலையைத் தள்ளும் இயந்திரம் கலிபோர்னியாவெங்கும் பரவியது. கார்மல் நகரம் வறட்சிக்கு முன்பே தடை போட்டிருந்தது. பெவர்லி ஹில்ஸும் எழுபதுகளிலேயே தடை போட்டது. அக்கம்பக்கத்தாருக்கு அதன் இரைச்சலும் புழுதியும் தொல்லை. லாஸ் ஏஞ்சலஸும், வீடுகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோயர் கூடாது என்றது. அதற்குள் ரூட்டுகள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் கைக்கு மாறியிருந்தன. வாரியால் கூட்டினால் நேரம் கூடும், பார்க்கும் வீடுகள் குறையும், கூலி மட்டும் ஏறாது என்பது அவர்கள் கணக்கு. 1998 ஜனவரியில் நகர மன்ற வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு காதருகே அதன் இரைச்சலை நாள் முழுக்கக் கேட்பவர்கள் அவர்கள்தான் என்பது அந்தத் தகராறில் பின்னுக்குப் போயிற்று.

2021-இல் மாநிலமே சிறு பெட்ரோல் எஞ்சின்களின் புது விற்பனையை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதும் காரணம் ஊர்க்காற்றுதான். தொழில்முறை ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால், கார் ஒன்று 1,100 மைல் ஓடும்போது விடும் மாசு வரும் என்று மாநிலக் காற்று வாரியம் கணக்குச் சொன்னது. ஆனால் இம்முறை சிறு தோட்டக்காரர்கள் பேட்டரிக்கு மாற 3 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

புல்லோடு மூடாக்கும் தொழிலில் சேர்ந்தது. நகரங்கள் குப்பையில் பாதியை 2000-க்குள் குப்பைக் கிடங்குக்குப் போகாமல் திருப்ப வேண்டும் என்று 1989-இல் மாநிலம் கட்டளையிட்டதும், கிளையும் தழையும் நொறுக்கப்பட்டுச் செடியடிக்கு வந்தன. நொறுக்கும் இயந்திரம் புல்வெட்டியைவிடப் பொல்லாதது. கிளையின் அடிப்பக்கத்தை முதலில் விட்டு, வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கையை விலக்கிக்கொள்ள வேண்டும். தொளதொளச் சட்டையும் நீண்ட கையுறையும் கூடாது. கிளையின் சுள்ளி ஒன்று துணியில் மாட்டினால் உருளை ஆளையும் சேர்த்து இழுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்று உண்டு. 1980-இல் லாங் பீச் நகரத்து நோயாளி ஒருவரின் நுரையீரலில் கண்ட புதுக் கிருமிக்கு ‘லெஜியோனெல்லா லாங்பீச்சே’ என்று ஊர்ப்பெயரை வைத்தார்கள். எங்கே வாழ்கிறது என்பது அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் தெரிந்தது: தொட்டிச் செடிக்கான மண்கலவையில். ஆகவே மூட்டையை முகத்துக்கு அருகில் பிரிக்காமல், உள்ளே லேசாக நனைத்து, முகக்கவசம் போட்டு, வேலை முடிந்ததும் கையைக் கழுவச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய மூட்டைகளில் இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும்.

வெயிலும் தாமதமாகத்தான் சட்டத்தில் ஏறியது. 2005-இல் வயலில் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்து இறந்தபின், வெளிவேலைக்கான வெப்ப விதியை அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் கலிபோர்னியா கொண்டுவந்தது. ஆளுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் நிழலும் முதலாளி தர வேண்டும். தோட்ட வேலையும் இதில் அடக்கம். ஆனால் ஒரு ஆள், ஒரு வண்டி என்று தொழில் நடத்துபவருக்கு முதலாளி கிடையாது. தண்ணீர்க் கேனை ஏற்றுவதும் மரத்தடி தேடுவதும் அவர் பாடு. வெயில் ஏறும் முன்னே விடியற்காலையில் இரண்டு வீட்டை முடித்துவிடலாம் என்று அவர் நினைத்தாலும், வீடுகளுக்கு 500 அடிக்குள் காலை 7 மணிக்கு முன் புல்வெட்டியைக் கிளப்ப லாஸ் ஏஞ்சலஸ் நகர விதி இடம் தருவதில்லை.