முற்றத்து விளக்கு

விளக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கூடத்திலும் பூசையறையிலுமே நின்றுவிடுகின்றனர். வாசற்படிக்கு வெளியே எரிந்த விளக்கை நினைப்பவர் சிலரே. பேராக் மாநிலத் தமிழர் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அவ்விளக்கே சிறந்த சான்றாகும்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்விசை வழங்கும் பொருட்டு 1926ஆம் ஆண்டில் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றியது. 1930இல் கோலகங்சாருக்கு வடக்கே, செண்டரோ மின்நிலையம் இயங்கலாயிற்று. ஈயம் வாரும் கப்பல்களுக்கு மின்விசை கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்து லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்கே பல்லாண்டுகள் நீடித்தது. துரை பங்களாவின் முகப்பில் ஒளி துலங்க, லயத்து முற்றம் இருண்டு கிடந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் இயந்திர விளக்கு வந்தது. அதுவும் மாலையில் சில மணி நேரமே எரிந்து அணைந்துவிடும்.

அவ்விருளிலேதான் அவர்தம் வேலையும் தொடங்கிற்று. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அது தளர்ந்து பால் குறையும். ஆதலால் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்தனர். அந்தச் சிறு ஒளி வட்டம் கத்தி ஓடும் கோட்டின்மீது விழுந்தது. வெட்டுபவரின் கண்ணில் விழவில்லை. விளக்கமைப்புக் கலையின் முதற்பாடம் இதுவே என்பேன். அதனை எவரும் அவர்களுக்கு வகுப்பில் கற்பித்ததில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், பல குடும்பங்கள் ஈப்போவைச் சூழ்ந்த தாமான்களில் குடியேறின. சொந்த வாசல், சிறு பூந்தோட்டம், வேண்டிய அளவு மின்சாரம்! இருண்ட முற்றத்தில் வளர்ந்தவர் வாயிற்கதவில் பெருவிளக்கை மாட்டியதில் வியப்பில்லை. அந்த ஆசையை நகைப்பது தவறு. ஆயினும் கூசும் ஒளியில் கண்ணின் பாவை சுருங்குகிறது; அதனால் விளக்கெட்டாத படிக்கட்டு முன்னினும் இருண்டு தோன்றும். முதியவர் தடுக்கி விழுவது அங்கேதான்.

படிக்கு ஒன்று, நடைபாதைக்கு முழங்காலளவில் இரண்டு, துளசி மாடத்தருகே ஒன்று எனத் தாழ்வாக வைத்து, குமிழ் தெரியாதபடி மூடியிட்டு, ஒளியைக் கீழ்நோக்கி விழச் செய்தால் போதும். மழை மிகுந்த பேராக்கில் 12 வோல்ட் மின்விளக்குகள் ஈரத்தரைக்குப் பாதுகாப்பானவை. 

கார்த்திகையன்று மட்டும் இவ்வனைத்தையும் அணைத்துவிட்டு, அகல்களைப் படிவரிசையில் ஏற்றும் வீடுகள் உண்டு. லயத்து வாசலில் பாட்டி வைத்த அதே இடைவெளியில் அவை எரிகின்றன.